குமிழைத் திருகுகையில் எழும் கரகரப்பு

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஹெட்போன் பெருக்கி ஒன்றின் ஒலியளவுக் குமிழைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இயற்பியல் துறையாரின் மலருக்கு உரியதன்றோ இது என்று வினவுவோரும் இருப்பர். ஆயினும், ஒரு பாடலில் வரும் ஒரே ஒரு சொல் யாது என்று துணிய இயலாமல் எம் துறை ஏறத்தாழ நான்கு மாதங்கள் இடர்ப்பட்டது. அவ்விடர்ப்பாட்டின் வேர் ஓர் அங்குலப் பருமனும் இல்லாத அந்தக் குமிழுக்குள் கிடந்தது. ஆதலின் இது தமிழ் மாணவர்க்கும் உரிய செய்தியே எனக் கருதி எழுதுகின்றேன்.

1990களின் நடுப்பகுதியில் எம் துறை மாணவர்கள் கடற்கரை ஊர்கள் சிலவற்றுக்குச் சென்று, வலை இழுப்போரும் தோணி தள்ளுவோரும் பாடும் அம்பாப் பாடல்களை ஒலிநாடாக்களில் பதிந்து வந்தனர். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடாக்கள் அவ்வாறு சேர்ந்தன. பதிவுக் கருவியோடு ஒட்டியே இருந்த ஒலிவாங்கியில், கடற்காற்றின் நடுவே, முதுமையால் தளர்ந்த குரல்களைப் பிடித்து வைத்தவை அவை. கேசட் என்னும் வடிவம் 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதன் நாடா நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடையது, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்வது. பேச்சைப் பதிந்துகொள்ளவே முதற்கண் கருதப்பட்ட அவ்வடிவத்தில், அலையும் காற்றும் சூழப் பாடிய பாட்டு எத்துணைத் தெளிவாக இருக்கும் என்பதை வாசகர்களே உய்த்துணரலாம். நாடாக்கள் மேலும் தேயாவண்ணம் 2016-இல் அவை அனைத்தும் கணினிக்கு மாற்றப்பட்டன. அவற்றைக் கேட்டு எழுதும் பணியோ 2022-இல்தான் தொடங்கிற்று.

பணி நூலகத்தின் பக்க அறையில் நடந்தது. அங்கே ஒலிபெருக்கி வைத்துக் கேட்க வழியில்லை. பிறர் படிக்க வேண்டும். ஆகவே ஹெட்போன் தேவையாயிற்று. அதனினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. இளமையில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியில் சென்று வந்த பெரியவர் ஒருவர், வியாழன்தோறும் வந்து, மாணவர் எழுதியதைச் சரிபார்த்துத் தந்தார். எங்கள் பகுதி வழக்கில் பாட்டனாரை 'அப்பா' என்பர். மாணவர்களும் அவரை அவ்வாறே அழைத்தனர். பாய்மரம், சுக்கான், நங்கூரம் ஆகிய சொற்கள் அகராதியிலும் கிடைக்கும். ஆனால் காற்றின் பெயர்களையும், கயிற்றின் பெயர்களையும், கப்பல் வேலையில் இன்னார்க்கு இன்ன பெயர் என்பதையும் வாழ்ந்து அறிந்தவர் எங்களுக்கு எட்டிய தொலைவில் அவர் ஒருவரே. அகவை எண்பதைக் கடந்தவர், செவிப்புலன் மங்கியவர். மடிக்கணினி தரும் ஒலி அவருக்குப் போதவில்லை. எனவே பெருக்கி ஒன்று வேண்டியிருந்தது.

அதனை எம் கல்லூரியில் பயின்று சென்ற மாணவர் ஒருவர் தம் கையாலேயே செய்து அன்பளிப்பாகத் தந்தார். சூ மோய் என்பார் 1990களின் பிற்பகுதியில் வெளியிட்ட மிக எளிய வரைபடத்தைத் தழுவியது அது. மிட்டாய்த் தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும் அளவினது. உலகின் பல பகுதிகளிலும் பொழுதுபோக்காக மின்னணுப் பணி செய்வோர் முதன்முதலில் கட்டிப் பார்க்கும் பெருக்கி என்று அதனைச் சொல்லலாம். ஒரு சில்லு, சில மின்தடைகள், சில மின்தேக்கிகள், ஒரு குமிழ், அவ்வளவே. இரண்டு 9 வோல்ட் மின்கலங்களில் ஓடியது. ஒலியை 11 மடங்கு பெருக்கித் தந்தது. ஈராண்டுக் காலம் குறையின்றி உழைத்தது.

பின்னர்க் கரகரப்புத் தொடங்கியது. குமிழைத் திருகும்போதெல்லாம் உலர்ந்த பனையோலையைக் கசக்குவது போன்ற ஓசை. இடையிடையே 'பொட்' என்று ஒரு வெடிப்பு. அறைக்குள் ஒலிபெருக்கி வெடித்தால் முகம் சுளிப்போம். காதோடு ஒட்டிய கருவியில் வெடித்தாலோ உடம்பே அதிர்கிறது. பெரியவர் தம் செவிக்கேற்ப ஒலியை மிகுதியாக வைத்துக் கேட்பவர். ஒருநாள் அவ்வெடிப்பைக் கேட்டுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இது என் மிச்சக் காதையும் கொண்டு போய்விடும் போலிருக்கிறது, தம்பி" என்றார். அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை.

இதற்கிடையே இரு மாணவர்களிடையே ஒரு பூசல் எழுந்தது. பதினேழாம் நாடாவிலுள்ள பாடலொன்றில், மூச்சு வாங்கும் இடத்தில் பாடகியின் குரல் தாழ்ந்து ஏறத்தாழ மறைந்துபோகிறது. அவ்விடத்துச் சொல்லை ஒருவர் 'ஓட்டம்' என்று எழுதினார். மற்றவர் 'ஓடம்' என்று எழுதினார். இருவரும் நன்மாணாக்கர், இருவரும் பன்முறை கேட்டே எழுதினர். ஒரே ஹெட்போனின் இரு கிண்ணங்களையும் ஆளுக்கொன்றாகக் காதில் வைத்துக் கேட்பது அவர்கள் வழக்கம். இடப்பக்கம் அமர்ந்தவருக்கு ஓட்டம். வலப்பக்கம் அமர்ந்தவருக்கு ஓடம்.

இரட்டித்த டகரத்தை நாம் எவ்வாறு ஒலிக்கிறோம் என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். நாநுனி அண்ணத்தைத் தொட்டுக் காற்றை அடைக்கிறது. நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் ஒலியே இல்லை. பின் சிறு வெடிப்போடு அடைப்பு நீங்குகிறது. 'ஓடம்' என்பதில் அந்த இடைமௌனம் இல்லை. நா தொட்டும் தொடாமலும் நழுவுகிறது. ஆகவே, ஒலி கணநேரம் அறுந்து 'டக்' என்று மீளுமானால், 'ஓடம்' என்று பாடியதும் காதில் 'ஓட்டம்' என விழக்கூடும். தேய்ந்துபோன ஒலியளவுக் குமிழ் செய்வதும் இதுவே. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறோம். இங்கே ஒரு கருவி தன்னிச்சையாக வல்லினத்தை மிகச் செய்துகொண்டிருந்தது.

இதனினும் வஞ்சகமான ஒன்று உண்டு. கரகரப்பு நாடாவிலேயே பதிந்ததா, கருவியில் பிறப்பதா என்று அறிய எளிய வழி, ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் ஓட விடுவது. ஒவ்வொரு முறையும் அதே நொடியில் ஓசை வருமாயின் அது பதிவில் உள்ளது. இடம் மாறி வருமாயின் கருவியில் உள்ளது. இவ்விதி சரியானதே. ஆயினும் எங்கள் அறையில் அது பிழைபட்ட விடையையே தந்தது. பாடகியின் குரல் தாழும் இடத்தில்தான் கேட்போர் கை குமிழை நோக்கிப் போகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் திருகுகின்றனர்; ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கரகரக்கிறது. எனவே பதிவே பழுது என்று பலரும் முடிவு கட்டியிருந்தனர். குரல் எங்கு மிக மெலிந்து, நம் உதவியை மிக வேண்டி நிற்கிறதோ, அங்கேயே இரைச்சல் வந்து விழுகிறது என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமே மேலிட்டது. அச்சொல்லைத் திரும்பப் பாட அம்மூதாட்டி இன்று இல்லை.

குமிழை முன்கூட்டியே உயர்த்தி வைத்து, கையெடுத்துவிட்டு, அவ்விடத்தை மட்டும் ஓட விட்டோம். கரகரப்பு வரவில்லை. பதிவு குற்றமற்றது என்பது தெளிந்தது. மாணவர் இருவருக்கும் இப்போது ஒன்றுபோலவே கேட்டது. ஆனால் 'ஓடா' என்று தொடங்கி மங்கலாக முடியும் அச்சொல் அவ்விருவரும் அறிந்த எச்சொல்லோடும் பொருந்தவில்லை. பெரியவர் வந்தால்தான் ஆகும். அவரோ குமிழைத் தொடாமல் கேட்பவர் அல்லர். சுக்கானைப் பிடித்துப் பழகிய கை. காற்று மாறுவதற்கேற்பச் சற்றே திருப்பிக்கொண்டே இருக்கும். கணினியின் விசைகளை அழுத்தி ஒலியைக் கூட்டுமாறு சொல்லிப் பார்த்தோம். அவர் சிரித்து மறுத்துவிட்டார். ஆகவே கருவியைச் செம்மை செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வகை ஓசையை ஆங்கிலம் வழியே வந்த சொல்லால் 'ஸ்டாட்டிக்' என்பர். நிலைமின்சாரத்தைக் குறிக்கும் சொல் அது; மின்னலாலும் வளிமண்டல மின்னேற்றத்தாலும் வானொலியில் எழுந்த இரைச்சலுக்குப் பெயராகி, அங்கிருந்து எல்லாக் கரகரப்புக்கும் பரவிவிட்டது. குமிழின் கரகரப்பில் நிலைமின்சாரத்துக்கு யாதொரு பங்கும் இல்லை. தமிழில் நமக்குக் கரகரப்பு, இரைச்சல், சீறல், முனகல், பொருமல் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. பழுது பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன்படுகிறது. குமிழைத் தொடாமலே ஓயாது முனகினால் அது மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு. குமிழின் உலோகத் தண்டைத் தொட்டதும் அது அடங்கினால் குமிழின் உலோகக் கூட்டுக்குத் தரை இணைப்பு இல்லை என்று பொருள். சீரான சீறல் குமிழோடு கூடிக் குறைந்தால் அது பாட்டு வரும் கருவியிலிருந்து வருவது. மாறாதிருந்தால் பெருக்கியின் இயல்பு. அருகில் கைப்பேசி கிடந்தால் 'டடட் டடட்' என்று ஒரு முரசொலி கேட்கும். இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை வீசுவதால் எழுவது அது. கம்பியை அசைத்தால் கரகரத்தால் செருகியைப் பார்க்க வேண்டும். திருகும்போது மட்டும் கரகரத்தால் குமிழ்.

குமிழ் என்று நாம் கையால் தொடுவது மேல்மூடி மட்டுமே. கடைக்காரர்கள் 'பாட்' என்றும் 'வால்யூம் கன்ட்ரோல்' என்றும் கூறும் பொருளின் உள்ளே, குதிரை இலாட வடிவில் கரிப்பூச்சுப் பாதை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையில் பாட்டின் மின்னலை வந்து சேர்கிறது. மறுமுனை தரையோடு இணைந்தது. குமிழைத் திருப்பும்போது ஓர் உலோக நாக்கு அப்பாதைமேல் வழுக்கிச் சென்று, நிற்கும் இடத்துக்கேற்ப அலையின் ஒரு பங்கை எடுத்துப் பெருக்கிக்கு அனுப்புகிறது. இரு செவிகளுக்கும் இரு பாதைகள், இரு நாக்குகள், ஒரே தண்டு. கரிப்பாதையில் தூசு படியலாம், நாக்கு நிறமிழந்து களிம்பேறலாம், தடவியிருந்த மசகு உலர்ந்து பசையாகலாம், பாதையே தேயலாம். நாக்கு பாதையைவிட்டுக் கணநேரம் எழும்போது அலை அறுகிறது, அமரும்போது மீள்கிறது.

இதனை அறிந்த எவரும் முதலில் செய்வது மருந்து தெளிப்பது. இயற்பியல் ஆய்வக உதவியாளரும் அதையே செய்தார். மின்கலங்களைக் கழற்றிவிட்டு, குமிழின் பின்புறத் துளை வழியே தொடுமுனை தூய்மையாக்கும் நீர்மத்தைச் சிறிதளவு தெளித்து, முப்பது நாற்பது முறை முழுவதும் திருப்பி, நன்கு உலர விட்டார். முறையான செயல்தான், பத்தில் ஏழெட்டுக் குமிழ்கள் இதற்கே அடங்கிவிடும் என்பது அவர் பட்டறிவு. கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெயைத் தெளிப்பவர்களும் உளர். அது மசகைக் கரைத்து, தூசைப் பிடிக்கும் பிசுக்கை விட்டுச் செல்வதால் சில திங்களில் நிலைமை முன்னினும் கெடும். எங்கள் குமிழ் பதினைந்து நாள்கள் அமைதியாக இருந்தது. பின் பழையபடியே கரகரத்தது. மறுபடி தெளித்தார். இம்முறை ஆறு நாள்கள்.

அப்போதுதான் இளங்கலை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் குறிப்பொன்றைச் சொன்னார். "ஐயா, கணினியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டேன். பாட்டே இல்லை. அப்போதும் திருகினால் கரகரக்கிறது."

அவர் அறிந்து சொன்னாரோ, அறியாமல் சொன்னாரோ, முழு வழக்கும் அந்த ஒரு சாட்சியத்தால் திரும்பிற்று. எண்ணிப் பாருங்கள். வாய்க்காலில் நீர் ஓடாதபோது மதகை ஏற்றி இறக்கினால் சலசலப்பு எழுமா? பாட்டு வரவில்லையென்றால் கரிப்பாதையில் அறுபடுவதற்கு எதுவுமே இல்லை. பாதை எத்துணை அழுக்கேறியதாயினும் வெறும் பாதை ஓசை எழுப்பாது. மின்தடைகள் யாவும் வெப்பத்தால் இயல்பாகவே எழுப்பும் மெல்லிய சீறல் ஒன்று உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான்சன், நைக்விஸ்ட் ஆகிய இருவரும் அதனை 1928-இல் விளக்கினர். ஆனால் 10 கிலோ ஓம் தடையில் அது வோல்ட்டின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கினும் குறைவு. திருகுவதால் வெடிப்பது அன்று. எனவே, கம்பியைக் கழற்றிய பின்னும் குமிழ் கரகரத்தால், பாட்டல்லாத வேறு மின்சாரம் ஒன்று அப்பாதையில் ஓடுகிறது. அது இடையறாது ஒரே திசையில் ஓடும் நேர்த்திசை மின்னோட்டம். அதனை நாக்கு அறுத்து அறுத்து ஒட்டும்போதுதான் அந்தப் பனையோலை ஓசை பிறக்கிறது.

கம்பியைக் கழற்றியதும் ஓசை நின்றிருந்தால், பாட்டை ஓடவிடாமல் கம்பியை மட்டும் மீண்டும் செருகித் திருகிப் பார்த்திருப்போம். அப்போது கரகரத்தால் நேர்மின்னழுத்தம் பாட்டுக் கருவியிலிருந்து கசிகிறது என்றும், பாட்டு ஓடும்போது மட்டும் கரகரத்தால் வெறும் அழுக்கு அல்லது தேய்மானம் என்றும் கொள்ளலாம். எங்களுக்கு அவ்விரண்டும் தேவைப்படவில்லை. ஒன்றை மட்டும் இளையோர்க்கு வலியுறுத்திச் சொல்வேன்: இச்சோதனைகள் எதையும் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு செய்யலாகாது. மேசைமேல் வைத்துக் கேட்டாலே போதுமான அளவு கேட்கும்.

மல்டிமீட்டரை எடுத்து, கறுப்புமுனையை இரு மின்கலங்களும் சந்திக்கும் தரைப்புள்ளியிலும், சிவப்புமுனையைக் குமிழின் நடுக்காலிலும் வைத்தார் உதவியாளர். குமிழ் அடியில் இருந்தபோது சுழியம். திருப்பத் திருப்ப எண் ஏறியது. முழுவதும் திருப்பியபோது எதிர்க்குறியோடு 9 மில்லிவோல்ட். பாட்டு வராத ஒரு கருவியில் அங்கே ஒன்றும் இருந்திருக்கக் கூடாது.

அது எங்கிருந்து வந்தது? பெருக்கும் சில்லு என்இ 5532 என்னும் வகையினது. குறைந்த விலைக்கு மிக நல்ல சில்லு. பன்னெடுங்காலமாக ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்து வருவது. ஆனால் அதன் நுழைவாயில், தான் வேலை செய்வதற்காக வெளியிலிருந்து ஒரு சிறு மின்னோட்டத்தை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பொதுவாக 200 நானோ ஆம்பியர் அளவு. ஆம்பியரின் கோடியில் இரண்டு பங்கு. மிகச் சிறியதுதான். ஆயினும் அந்த மின்னோட்டம் வருவதற்கு எங்கள் கருவியில் இருந்த ஒரே வழி குமிழின் நாக்கு. குமிழின் தடை 50 கிலோ ஓம். பெருக்கிப் பார்த்தால் 10 மில்லிவோல்ட். மீட்டர் காட்டியது 9. கணக்கும் கருவியும் இத்துணை நெருங்கி ஒத்துப்போவதைக் காண்பது, கரந்துறை பாட்டில் ஒளிந்திருந்த இரண்டாம் செய்யுளைக் கண்டுபிடிப்பதற்கு நிகரான மகிழ்ச்சி தருகிறது. பெருக்கி அதனையும் 11 மடங்காக்குகிறது. ஆக, ஹெட்போனில் ஏறத்தாழ ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு. தேய்ந்த இடத்தில் நாக்கு சற்றே எழும்பினால் நுழைவாயில் பிடிமானமின்றி அந்தரத்தில் நிற்கிறது. மின்னழுத்தம் ஒருபுறமாய்ப் பாய்கிறது. அதுவே பெரியவர் காதில் வெடித்த 'பொட்'. குமிழ் புதிதாயிருந்த ஈராண்டுக் காலமும் நாக்கு வழுவாது பற்றியிருந்ததால் இக்குறை வெளிப்படவில்லை. மருந்து தெளித்தபோதெல்லாம் பிடிப்புச் சற்றே திருந்திற்று. மின்னோட்டமோ ஓடிக்கொண்டே இருந்தது.

மூல வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டோம். அதில் குமிழின் நாக்குக்கும் சில்லின் நுழைவாயிலுக்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்கிறது. மின்தேக்கி பாட்டின் அலையை விடும், நேர்மின்னோட்டத்தை மறிக்கும். அதனையடுத்து நுழைவாயிலிலிருந்து தரைக்கு 100 கிலோ ஓம் தடையும் உண்டு. கருவியைக் கட்டியவர் இடமின்மை கருதி இவ்விரண்டையும் விட்டிருந்தார். பாடபேதம் என்று கொள்ளலாம். ஏடு பெயர்த்தெழுதுவோர் ஒரு சீரை விட்டுவிடுவது போல.

மின்தேக்கியைச் சேர்த்துவிட்டால் போதுமே என்று அனைவரும் கருதினர். உதவியாளர்தான் தாளில் கணக்கிட்டுத் தடுத்தார். மின்தேக்கியைச் சேர்த்தால் குமிழ் வழி அடைபடும், உண்மை. ஆனால் சில்லு இழுக்கும் 200 நானோ ஆம்பியர் இனி 100 கிலோ ஓம் தடைவழி வரும். பெருக்கினால் 20 மில்லிவோல்ட். அதன் 11 மடங்கு 220. குமிழ் கரகரக்காது, ஆயின் முன்னினும் இருமடங்குக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் ஓசையின்றி இரவும் பகலும் ஹெட்போனின் சவ்வை ஒருபக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும். ஓசை நின்றதைக் கண்டு பழுது நீங்கியதாக நாங்கள் மகிழ்ந்திருப்போம். மூல வரைபடத்தில் இது நேராதது ஏனெனில், அங்குப் பயன்படுத்திய சில்லு எஃப்இடி வகை நுழைவாயில் கொண்டது. அவ்வகை ஏறத்தாழ எதையுமே இழுப்பதில்லை. எனவே சில்லையும் மாற்ற வேண்டும்.

சென்னையில் அண்ணா சாலைக்கு அருகே ரிச்சி தெரு என்று ஒன்று உண்டு. மின்னணுப் பொருள் தேடுவோர்க்கு அது ஒரு பெருஞ்சந்தை. சென்னைக்குச் சென்ற மாணவர் ஒருவரிடம் சொல்லி ஓபிஏ 2134 சில்லு ஒன்றும், சுருள்தகட்டு மின்தேக்கிகளும், 10 கிலோ ஓம் இரட்டைக் குமிழ் ஒன்றும் வருவித்தோம். இச்சில்லு இழுப்பது 5 பிகோ ஆம்பியர் அளவு. முன்னையதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. எட்டுக் கால்களின் வரிசையும் ஒன்றே. ஆதலின் பழையதைப் பிடுங்கி அதே இருக்கையில் இதனைச் செருகலாம். வாங்கும்போது ஒன்றைக் கருத்தில் கொள்க: பெயர்பெற்ற சில்லுகளுக்குப் போலிகள் மிகுதி; விலை நம்ப முடியாத அளவு குறைவாயிருந்தால் நம்பாதிருப்பதே நன்று.

சில்லையும் மின்தேக்கியையும் தடையையும் பற்றவைத்து முடித்தபின், பழைய குமிழை மாற்றாமலே ஒருமுறை சோதித்தோம். கம்பியைக் கழற்றித் திருகினால் இப்போது முழு அமைதி. பாட்டை ஓடவிட்டுத் திருகினால் இடக்கிண்ணத்தில் மட்டும் இன்னும் ஒலி அறுந்தறுந்து வந்தது. ஹெட்போனை மாற்றி அணியச் சொன்னோம். அறுபடுவது வலப்பக்கத்து மாணவரின் காதுக்கு இடம்பெயர்ந்தது. ஆக, இரண்டாம் குறை குமிழின் ஒரு பாதையில் இருந்தது. அதனைக் கழற்றி, தகட்டை நெம்பிப் பிரித்துப் பார்த்தோம். ஒலியளவுக் குமிழின் கரிப்பாதை சீரான தடையுடையதன்று. நம் செவி ஒலியின் மடங்குகளையே படிகளாக உணர்வதால், பாதித் தொலைவு திருப்பினாலும் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவே கடந்திருக்குமாறு அமைப்பர். நுட்பமான வேலையெல்லாம் முதற்பகுதியிலேயே நடக்கும். எங்கள் மாணவர்களும் பெரியவரும் கடிகார முள் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையே ஆடுவது போல் அச்சிறு வில்லிலேயே ஈராண்டுக்கு மேலாகத் திருப்பிக்கொண்டிருந்தனர். கறுத்த பாதையில் அவ்விடம் மட்டும் நகத்தால் தேய்த்தது போல் பளபளத்தது. இடச்செவிப் பாதையில் அடித்தகட்டின் நிறமே தெரிந்தது. எந்த மருந்தும் தேய்ந்த கரியை மீட்டுத் தராது. புதிய குமிழை வைத்தோம்.

ஹெட்போன் வாயிலில் மீட்டரை வைத்தபோது 4 மில்லிவோல்ட். இருபதுக்குக் கீழிருந்தால் கவலை வேண்டா என்பர். அதன் பின்னரே காதில் மாட்டினோம்.

பெரியவரை அழைத்துவர அந்த மாணவியே சென்றார். "அப்பா, இப்போது வெடிக்காது, நான் காதில் வைத்துப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லித்தான் இசைவு பெற்றாராம். வந்தமர்ந்தவர் முதலில் ஐயத்தோடு குமிழைச் சற்றே திருப்பினார், மேலும் திருப்பினார், பின் அடியிலிருந்து முடிவரை இருமுறை விரைவாகச் சுழற்றிப் பார்த்தார். பதினேழாம் நாடாவின் அப்பாடலை ஓடவிட்டோம். குரல் தாழும் இடம் வந்ததும் அவர் கை தானாகவே குமிழுக்குச் சென்றது. கேட்டார். மீண்டும் கேட்கவில்லை.

"ஓடாவி" என்றார். "ஓடாவியைக் கூப்பிடுகிறாள். தோணி கட்டுகிற ஆசாரி."

படகு கட்டும் தச்சரைக் கடற்கரை மக்கள் ஓடாவி என்பர். ஓட்டமும் அன்று, ஓடமும் அன்று. பாடல் முழுதும் அதன் பிறகு வேறு பொருள் கொண்டது: கடலில் செல்வோரைப் பற்றியதாக நாங்கள் எண்ணியிருந்தது, கரையில் இன்னும் முடியாமல் நிற்கும் தோணி ஒன்றைப் பற்றியது.

பெரியவர் அத்தோடு எழவில்லை. கரகரப்புத் தொடங்கிய நாளிலிருந்து எழுதிய பாடல்கள் எத்தனை என்று கேட்டார். பதினொன்று என்றோம். அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து ஓடவிடச் சொன்னார். இதுவரை ஏழு முடிந்துள்ளன; மூன்று சொற்கள் திருத்தம் பெற்றுள்ளன. எஞ்சிய நான்கு வரும் வியாழன்களுக்கு.